சனி இரவு டியூட்டி

கோலிக்குத் தோள்பட்டை. விங்கருக்குத் தொடைத்தசை.
நடுக்களத்தான் ஒருவனுக்குச் சிவப்பு அட்டை,
மூன்று ஆட்டம் வெளியே.
இங்கே ஜெசிந்தாவுக்கு டெங்கு,
ஷைலஜாவுக்குப் பாலக்காட்டில் நாத்தனார் கல்யாணம்.
ஒரே நோட்டு, ஒரே பக்கம்:
இந்தப் பாதியில் வார்டு டியூட்டி
அந்தப் பாதியில் என் பதினொரு பேர்.

அணியைப் பூட்ட நாற்பது நிமிடம்.
ஒருவரைத்தான் மாற்றலாம்.
கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில்
என் போன் மருந்து அலமாரிப் பக்கம் கேரளா,
ஜன்னலுக்கு வந்தால் தமிழ்நாடு.
நடுவில் நின்றால்
சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் கட்டில் ஆறுச்சாமிக்கு டிரிப் தீர்ந்துவிட்டது.
மாற்றிவிட்டு வந்தால்
பதினோரு நிமிடம்.

ஐந்து வாரமாய் கோலே போடாத
அந்தத் தடியனைக் கேப்டனாகவே விட்டேன்.
கோலியை மட்டும் மாற்றினேன்.
வார்டுப் பட்டியலின் காலிக் கட்டத்தில்
என் பெயர், இந்த வாரம் மூன்றாம் தடவை.

விடிகாலை இரண்டு மணி.
தடியன் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்திருந்தான்.
நான் பெஞ்சில் உட்காரவைத்த பொடியன்
இரண்டு கோல்.
தூங்குகிறார் என்று நினைத்த ஆறுச்சாமி கேட்டார்:
"யாருங்க சிஸ்டர் செயிச்சது?"
தெர்மாமீட்டரை உதறினேன்.
"நூறுக்குக் கீழே வந்தாச்சு" என்றேன்.