விலக்கு இல்லை

மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்,
சீட்டுகள் பறக்கின்றன என்று.
இரவு பத்தேகால். பினாங்கு, ஜெலுத்தோங் வட்டாரம்.
நான்காவது பெட்டியை மேசையில் கவிழ்த்தோம்.
அரக்குத் தூள் என் சட்டைக் கையெல்லாம்.

மூன்று பேர் நின்றார்கள்.
சைக்கிள் சின்னத்தில் லிம் ஹொக் சியூ,
விளக்கில் சவரிராயன்,
குடையில் நைனா மரைக்காயர்.
பிரசாரம் முழுக்க மழை பெய்தும்
குடைக்கடியில் யாரும் ஒதுங்கவில்லை.

நான் நகராண்மைக் கழகத்தில் தண்ணீர் வரிக் கிராணி.
அன்றைக்கு மட்டும் வாக்கு எண்ணுபவன்.
ஐம்பது ஐம்பதாக அடுக்கி ரப்பர் வளையம் போட வேண்டும்.
பெருக்கல் குறி இருந்தால் வாக்கு.
வெறும் கோடு என்றால் அதிகாரியிடம் காட்டு.
எழுத்து இருந்தால் செல்லாது.

ஒன்றில் எழுத்து இருந்தது.
எந்தச் சின்னத்தையும் தொடாமல், அடியோரத்தில்,
பென்சிலை நாக்கில் நனைத்து அழுத்திய கறுப்பில்:

சந்துல விலக்கு இல்லை

விளக்கின் முகவர் அற்புதநாதன் பாய்ந்து வந்தார்.
"விளக்குன்னுதானே போட்டிருக்கு? எங்க வாக்கு."
சைக்கிளின் முகவர் கூய்க்குத் தமிழ் எழுத்து தெரியாது.
சந்தை மலாயில் என்னைக் கேட்டார்,
அதற்கு அடுத்த சொல் என்ன என்று.
இல்லை என்றேன்.
"அப்போ விளக்கு இல்லை. எங்க வாக்கு."
மரைக்காயரின் ஆள் நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தார்.

திரு. ஃபொன்சேகா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
சொல்லுக்குச் சொல் பெயர்க்கச் சொன்னார்.

சொல்லுக்குச் சொல் என்றால்,
இந்தச் சந்தில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.
நோட்டீஸ் பலகையில் ஒட்டலாம் போன்ற வாக்கியம்.
ஒரு லகரத்தைத் திருத்தினால்
இருட்டு.

திருத்தினேன்.
"சந்தில் வெளிச்சமில்லையாம், ஐயா."
"வாக்கு யாருக்கு?"
"யாருக்கும் இல்லை."
சிவப்பு மையில் குறுக்கே முத்திரை விழுந்தது.

ஒன்றேகாலுக்கு முடிவு படித்தார்கள்.
சைக்கிள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
விளக்கு ஆயிரத்து முந்நூற்று எழுபது.
குடை தொண்ணூற்றாறு.
செல்லாதவை முப்பத்தொன்பது.
வித்தியாசம் நாற்பத்திரண்டு.
செல்லாததெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும்
லிம் ஹொக் சியூதான் உறுப்பினர்.
அந்தச் சீட்டால் ஒன்றும் மாறியிருக்காது.
இதை மூன்று தரம் எனக்கே சொல்லிக்கொண்டு
சைக்கிளை மிதித்தேன். சின்னம் இல்லை, என் சைக்கிள்.

நான்காவது பெட்டியின் பகுதியில்
ஆறு சந்துகள் இருட்டு.
ஒவ்வொன்றின் முனையிலும் நின்றேன்.
நின்றால் டைனமோ விளக்கு அணைந்துவிடும்.
ஆறில் எது?
கேட்கக் கூடாது, வாக்கு ரகசியம்.
கடைசிச் சந்தில் யாரோ தீக்குச்சி கிழித்துக் கிழித்து
பிள்ளைக்கு இருமல் மருந்து அளந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மின்சாரப் பிரிவுக்கு மனு எழுதினேன்.
மனுதாரர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.
என் பெயரையே போட்டேன்.
இரண்டு மாதத்தில் பதில்:
தங்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே
இரண்டு கம்பங்கள் உள்ளன.

அடுத்த தேர்தலில் அந்தக் கையெழுத்தைப் பிடித்துவிடலாம்
என்றிருந்தேன். பென்சில் அழுத்தம் எனக்கு மனப்பாடம்.
தேர்தலையே நிறுத்தி வைத்தார்கள்.
தற்காலிகமாக என்றார்கள்.
நிறுத்தி வைத்தது அப்படியே நிற்கிறது.
உறுப்பினர்களை இப்போது நியமிக்கிறார்கள்,
எண்ண ஒன்றும் இல்லை.

சந்துகளில் வெள்ளை வெளிச்சம் வந்துவிட்டது,
ஆறிலும்.
எந்த வருடம், யார் கேட்டு வந்தது,
கழகத்தின் கோப்பில்கூட இல்லை.
தேடிப் பார்த்தேன், ஓய்வு பெறும் வாரத்தில்.

சில ராத்திரிகளில் தோன்றும்,
ஃபொன்சேகாவிடம் அதை
எழுதியிருந்தபடியே படித்திருக்கலாம்.