டாக்டர் வண்டி

வேலூரில் விற்பனைக்கு வரும் எந்தப் பழைய வண்டியும்
ஒரு டாக்டருடையதாகத்தான் இருந்திருக்கிறது.
"ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் போனதோட சரிமா,
கை படாத வண்டி" என்றார் முனிரத்தினம்,
கொணவட்டத்தில் லாரிகளின் நிழலில்
ஆம்னியின் பக்கக் கதவை இழுத்துக்கொண்டே.
கதவு பாதியில் நின்றது.
"எண்ணெ வுட்டா சரியாப்பூடும்."

மீட்டர் முப்பத்தெட்டாயிரம் என்றது.
பிரேக் மிதியின் ரப்பர்
வேறு கணக்கு வைத்திருந்தது:
வரிகள் மழுங்கி, ஓரத்தில் இரும்பு தெரிய,
யாரோ பதினாறு வருடம்
அவசரமாகவே நிறுத்திய கணக்கு.

பிரிட்ஜிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தேன்
ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு காந்தம்.
முன் கதவில் பிடித்தது.
பின் கதவில் பிடித்தது.
இடது சக்கரத்துக்கு மேலே வைத்தேன்,
வழுக்கிக் காலடியில் விழுந்தது.
துடைத்து மறுபடி வைத்தேன்.
மறுபடி.
பெயின்டுக்குக் கீழே தகரம் இல்லை, பட்டி.
ஓர் உள்ளங்கை அகலம்,
அப்புறம் இரண்டு,
அப்புறம் நான் அளப்பதை விட்டேன்.

"டாக்டர் எங்க மோதினாரு?"

முனிரத்தினம் பதில் சொல்லாமல் பீடியை எடுத்தார்.
பின் சீட்டுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் இருப்பதால்
பத்தடி தள்ளிப் போய்ப் பற்றவைத்தார்.
அந்தப் பத்தடியை நான் குறித்துக்கொண்டேன்.

கஃபூர் பாயை அழைத்து வந்தேன்.
முன் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின்;
நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.
எங்கேயோ கர்ப்பிணி வயிற்றில் கேட்பவர் போல
முகம் மெல்லத் தெளிந்தது.
"வால்வு கொஞ்சம் பேசுது. மத்தபடி நல்ல ஜீவன்.
இன்னும் எட்டு வருஷம் கேக்காம ஓடும்."
"மோதினா, பாய்?"
ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தார்.
"அது இதுல கேக்காதுமா."

ஓட்டிப் பார்த்தேன்.
கிரீன் சர்க்கிள் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில்
ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங்
இடப்பக்கம் சாய்ந்தது,
பட்டி பூசிய பக்கம்,
பழைய இடத்தைக் காட்டவேண்டும் என்பதுபோல.
கீழே ஆறு முழுக்க மணலும் முள்ளும்.
எதிரே கட்பாடியிலிருந்து ஒரு டேங்கர்.
இந்த வண்டிக்கு மூக்கு இல்லை;
என் முழங்கால், அதற்கப்புறம் தகரம்,
தகரத்துக்கு அப்புறம் அந்த டேங்கர்.
அது கடந்து போன காற்றில்
வண்டி ஒருமுறை உடம்பை உதறியது.

விருதம்பட்டில் ஓரம் கட்டி
பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு பக்கம் பெல்ட் இருந்தது, கொக்கி இல்லை.
மறுபக்கம் கொக்கி இருந்தது,
அதற்குள் புளிப்பு மிட்டாய்க் காகிதம்.
தலைக்கு மேலே ரெக்சின் கூரையில் பேனா எழுத்து:
நான்காம் வகுப்பு பி பிரிவு.
ஹர்ஷவர்தன் ஒரு லூசு.
ஏழெட்டு ஐம்பத்து நாலு.
வாய்ப்பாடு தெரியாத டாக்டர்.

சிரித்துக்கொண்டே இறங்கியபோதுதான்
என் ஆட்டோ நினைவுக்கு வந்தது.
தினமும் காலையில் ஏழு பிள்ளைகள்,
ஒருவர் மடியில் ஒருவர்;
மழை வந்தால் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது
ரிஸ்வானாவின் வேலை.
அவள் கை எவ்வளவு சின்னது என்று
எந்தக் காந்தத்தால் பார்ப்பது?
வேன் வாங்குங்கக்கா, பயமா இருக்கு என்று
அவள் அம்மா சொல்லி நாலு மாதம்.
பயம் எங்கே இருந்து எங்கே மாறும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒண்ணு பத்து. உனக்குன்னா ஒண்ணு நாலு.
இன்னாதான் கொறை கீது, சொல்லு?"
சாவியை அவர் கையில் வைத்தேன்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
சிலிண்டரைக் கழற்றி, பெல்ட் ஆறு போட்டு,
பின் பெஞ்சை எடுத்துவிட்டால்
எத்தனை பேர், எத்தனை பேரை வேண்டாம் என்பது,
யாரை என்று
சத்துவாச்சாரி வரும்வரை கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் கரண்ட் பில் தரையில் கிடந்தது.
காந்தத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.
எந்தக் கதவில் என்று நினைவில்லை.
பிடித்த இடத்தில்தான்
இருக்கும்.