எட்டே காலுக்குக் கடைசி டாக்சி

மாதம் இருநூற்று நாற்பது ராண்ட்.
சம்பளம் விழுந்த மறுநாள்
என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.
பதிலுக்கு ஒரு மஞ்சள் அட்டை.
அதில் என் முகம், மூக்கு மட்டும் தெளிவாக.
பூங்காவனம் மூட்லி என்பதற்கு
இடம் போதாமல்
பூங்காவ.

கவுண்டர்க்காரி ஒரே மூச்சில் ஒப்பித்தாள்:
நாளொன்றுக்கு ஒரு படம்.
ஒரு படம் ஒரே ஒரு தடவை.
அட்டையைத் தங்கைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.
கண்ணாடி மாட்டிப் பார்க்கும் படமென்றால் முப்பது ராண்ட் தனி.
மூன்று மாதம் முடியாமல் விலக முடியாது,
விலகுவதானால் ஒரு மாதம் முந்திச் சொல்ல வேண்டும்.

என் கல்யாணத்தில்கூட
யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டேன்.
ஒரு டிக்கெட் நூற்றுப் பத்து.
மூன்றாவது படத்திலிருந்து லாபம்.
ஜன்னல் திரைக்கு மீட்டர் மீட்டராய்த் துணி வெட்டும் கை இது,
கால் அங்குலம் விடாது.

விட்டது வேறொன்றை.
கடை மூட ஆறு மணி.
படம் தொடங்க ஆறரை, விளம்பரங்கள் தீர ஆறே முக்கால்.
சாட்ஸ்வர்த்துக்குக் கடைசி டாக்சி எட்டே கால்,
பதினைந்து பேர் நிரம்பிவிட்டால் எட்டு பத்து.
டிரைவருக்கு கிளைமாக்ஸ் தெரியாது.

கொலை செய்தது யாரென்று தெரியாமல் எழுந்தேன்.
கப்பல் சாய்ந்துகொண்டிருக்கும்போதே எழுந்தேன்,
முழங்கால்களை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
ஒருவன் விமான நிலையத்தில்
மார்ச் மாதத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறான்.

எண்ணிக் கொடுத்த காசென்றால் மனசு வருமா?
அட்டை எல்லாவற்றையும் பாதியில் விடப் பழக்கிவிட்டது.

மறுநாள் மீதியைப் பார்க்கப் போனால்
இயந்திரம் சிவப்பாய் மின்னுகிறது:
இந்தப் படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

இல்லையே, என்றேன் இயந்திரத்திடம். சத்தமாக.

துடைப்பத்தோடு நின்ற பெக்கானி சிரித்தான்.
கடைசிப் பத்து நிமிஷம் கதவோரம் நிற்பதும்
விளக்கெரிந்ததும் பாப்கார்ன் கூட்டுவதும் அவன் வேலை.
முடிவெல்லாம் எனக்குத் தெரியும், என்றான்.
யார் எவர் என்றுதான் தெரியாது.
எதற்கு அழுகிறார்கள்,
அந்த நாய் யாருடையது.

அன்றிலிருந்து ஆறு இருபதுக்கு
இயந்திரத்துக்குப் பின்னால் எங்கள் வியாபாரம்.
அவனுடைய ஆங்கிலம் கொஞ்சம், என் ஜூலு கொஞ்சம்,
மிச்சத்துக்குக் கைகள்.

அவள் சமையல்காரி இல்லை, வீடே அவளுடையது, என்பேன்.
ஹாவ்! அதனால்தான் சாவியைக் கடலில் எறிந்தாளா!
மூன்று வாரமாய் அந்தச் சாவி அவனைத் தூங்கவிடவில்லையாம்.

விமான நிலையத்தில் ஓடினவன்?
பிடிக்கவில்லை. விமானம் போய்விட்டது.
உட்கார்ந்து ஒரு சாண்ட்விச் சாப்பிட்டான்.
முழுசாகவா?
முழுசாக. விரலைக்கூட நக்கினான்.

அன்று டாக்சியில் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

டிசம்பரில் பாதி ஜோகன்னஸ்பர்க் டர்பனுக்கு இறங்கிவிடும்.
பத்து மணிவரை டாக்சி.
சரி, ஒரு முடிவையாவது பார்த்துவிடலாம் என்றால்
கடையும் ஏழரைவரை திறந்திருந்தது.
ஓடினேன். இருட்டில் பெக்கானிதான் கதவைத் திறந்துவிட்டான்.

திரையில் மழை.
ஒருத்தி மண்ணில் ஒரு பெட்டியைப் புதைக்கிறாள்.
ஒரு சிறுவன் குடை பிடிக்கிறான், அவளுக்கல்ல, பெட்டிக்கு.
அரங்கில் யாரோ விசும்பினார்கள்.
பெயர்கள் ஏறத் தொடங்கின.

விளக்கு.
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு
வழக்கம்போல என்னைப் பார்த்தான்:
பெட்டிக்குள்ளே என்ன?

எனக்கு எப்படித் தெரியும்?

வெறும் வெள்ளையைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றோம்.
கடிதங்கள், என்றான்.
கடிதங்களென்றால் எரித்திருப்பாளே, என்றேன்.
யோசித்தான்.
காலைத் தூக்கு, என்றான்,
என் இருக்கைக்கு அடியில் கூட்டினான்.

டாக்சிக்கு இன்னும் நேரமிருந்தது.