ஒரு மூச்சுக்கு ஒரு கணக்கு

பத்து விரலிலும் துணி சுற்றியிருக்கிறேன்,
பழைய உள்பாவாடைக் கிழிசல்.
பார் கீறி உப்பு ஏறினால்
மூணு நாளைக்குச் சோறு பிசைய முடியாது.
மடக்கி எண்ணுவதற்கு இல்லை
இந்த விரல்கள்.

போன மாசியில்
சங்கத்துக்குப் பொருளாளர் என்று என்னைப் போட்டார்கள்.
பேர் கேட்டார்கள், நம்புவள்ளி என்றேன்.
கூட்டல் வருமா என்று
சின்னப்பாலத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதனால் தண்ணீருக்குள் படிக்கிறேன்.
மூணும் நாலும் என்று முங்கினால்
ஏழு என்று எழும்ப வேண்டும்.
விடை வராமல் எழும்புவதில்லை என்று
முதல் நாள் ஒரு வீறாப்பு.
எட்டும் ஆறும் கேட்டுக் கண் இருட்டி
வாய் நிறையக் கடலோடு ஏறி வந்தேன்.
டியூபைப் பிடித்தபடி சவேரியாள் சிரித்தாள்:
"பதினாலுடி. அதுக்கா சாகப் போனே?"

இரட்டைகள் சுலபம்.
நண்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் அஞ்சு,
கொடுக்கையும் சேர்த்து.
ஒம்பது மட்டும் களவாணி.
பக்கத்தில் நிற்பதிடம் ஒன்றைப் பிடுங்கிப்
பத்தாகிவிடும்.
ஒம்பதும் அஞ்சும் என்றால்,
பாவம், அஞ்சு நாலாகி நிற்கும்.
இது யாரும் சொல்லித் தந்ததில்லை,
பாறையில் பாசி பிடுங்கும்போது
என் கைக்கு வந்தது.

ஏழும் எட்டும்தான் ஒட்டவே இல்லை.
பதினாலு என்பேன், பதினாறு என்பேன்,
கஞ்சிப்பாசி மாதிரி நழுவும்.

இந்தத் தடவைக்குக் கடலுக்குப் போன கடைசி நாள்
மூட்டையை இழுத்துக் கரையேற்றி நிமிர்ந்தால்
பகலிலேயே வெளிறிப்போன பாதி நிலா.
அமாவாசை கழிந்து ஏழு நாள்.
இன்னும் எட்டு நாளில் பௌர்ணமி,
வத்தம் நல்லா வத்தும், மறுபடி வல்லம் ஏறலாம்.
இருபது வருஷமாய் நான் பிசகாமல் போடும் கணக்கு.
ஈரத்தோடு அப்படியே நின்றேன்.
சவேரியாள் என் கண்ணில் மண் விழுந்ததென்று நினைத்தாள்.

பாசி காய்ந்து எடை போட்ட அன்று
என்னுது ஏழு கிலோ, அவளுது எட்டு.
வியாபாரி சட்டைப் பையில் போனைத் தேடினார்.
பதினஞ்சு, என்றேன்.
அவர் தேடி எடுத்து, அமுக்கிப் பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

ஆறும் ஏழும் இன்னும் நிற்கவில்லை.
பதிமூணு, தெரியும்.
ஆனாலும் ஒவ்வொரு தடவையும்
கீழே போய்த் தொட்டுவிட்டுத்தான்
வர வேண்டியிருக்கிறது.