துண்டுக்கு அடியில்

எண்ணெய் தேய்த்து நிறுத்தியிருந்தார்.
ஆடி வெயில் அதன் மேல் நிற்காமல் வழுக்கியது.
"வவுத்தப் பாருங்க, எப்படித் தெரண்டிருக்குது"
என்றார் சென்னியப்பன்.

வயிற்றை நான் பார்ப்பதில்லை.
அது விடியக்காலம் ஊட்டிய தவிடும் தண்ணீரும்.

அந்தியூர்ச் சந்தை இரைச்சலில்
கண்ணை மூடி
விலாவில் உள்ளங்கையை வைத்தேன்.
தடவினால் தட்டுப்பட வேண்டும்,
எண்ண வரக்கூடாது.
வந்தது.
மினுங்கும் மயிருக்குக் கீழே
ஓட்டுக்கூரைச் சட்டங்கள்,
பதினொன்று வரை.

பிடரியில் சதை இல்லை.
முதுகுத்தண்டு மொட்டைக் கத்தி.
வாலடியில் இரண்டு பக்கமும் குழி,
பக்கத்துக்கு ஓர் எலுமிச்சை நிற்கும்.

துண்டைப் போர்த்திக் கை கொடுத்தார்.
உள்ளே நான்கு விரலைப் பிடித்தார்.
நான் இரண்டு.
அவர் மணிக்கட்டிலும்
தோலுக்கு அடுத்தது எலும்புதான்.
அதைத் தொட்டிருக்க வேண்டாம்.

மூன்றாவது விரலை
நானா மடக்காமல் விட்டேன், தெரியவில்லை.

"கொள்ளு?"
"சித்திர வரைக்கும் போட்டமுங்க."

பணத்தை எண்ணவில்லை அவர்.
கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு
நாலு எட்டுப் போனவர் திரும்பி வந்து
காதோரம் சொன்னார்:

"புழு இருக்குதுங்க.
மருந்து குடுத்துருங்க.
வவுத்த நம்பிப் போட்றாதீங்க."