அறுபத்தேழாம் கட்டை

தம்வேயில் ஒன்பதுக்குக் கரண்ட் என்றார்கள்.
பதினொன்றேகாலுக்கு வந்தது.
ஃபேனுக்கு முன்னால் கணினியைத்தான் போட்டேன்.

பெகுவில் வெள்ளிக்கிழமை கல்யாணம்.
பன்னிரண்டு பாட்டு, கரோக்கி.
மாப்பிள்ளையின் அத்தைக்குத் தொண்டை எட்டாதாம்,
மூன்று அரைச்சுரம் இறக்கச் சொல்லி
ஹமீதுல்லா பாய் சீட்டில் எழுதியிருந்தார்.

இறக்குவது ஒரு வேலையே இல்லை.
எல்லாவற்றையும் பிடி, கீழ் அம்பை மூன்று தட்டு.
பத்தாம் சேனலை மட்டும் தொடாதே.
அங்கே தாளவாத்தியங்கள் குடியிருக்கின்றன,
வீடு மாறினால் ஆளே மாறிவிடுவார்கள்.
தொழிலுக்கு வந்த முதல் வருஷம்
ஒரு தாலாட்டின் நடுவே
விசில் ஊத வைத்தவள் நான்.

பிறகு இருளன் வாசித்த கோப்புகள்.
வீட்டில் முத்திருளன்,
பள்ளிக்கூடப் பதிவில் சோ வின்.
கட்டம்போட்ட திரையில்
பச்சைப் பச்சையாய்ச் சின்ன மரச்சட்டங்கள்.
ஒன்றாவது கோட்டின்மேல் உட்கார வேண்டுமே?
ஒரு தட்டுக்கு நானூற்றெண்பது டிக்.
வலக்கை சரியாக வரும்,
இடக்கை பதினெட்டு டிக் தள்ளி வரும்,
வலக்கை சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான்
காலெடுத்து வைப்பதுபோல.

"நேராக்கிடு" என்பார் பாய்.
நேராக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
நூறு விழுக்காடு அழுத்தினேன்.
எல்லாச் சட்டமும் ஒரே நொடியில்
கோட்டுக்கு ஓடிவந்து நின்றது.
போட்டுக் கேட்டேன்.
இடம் வலம் இடம் வலம்.
உடனே பின்வாங்கினேன்.

நாற்பது வைத்தேன்.
நாற்பது பாயின் காதுக்கு.
அறுபது அவனுக்கு.

ஏழாவது பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
நாற்பத்தோராவது ஆவர்த்தனம்,
கட்டை அறுபத்தேழு, வேகம் ஐம்பத்தெட்டு,
மெதுவாகத்தான் தொட்டிருக்கிறான்.
தொட்டது பதிவாகியிருக்கிறது.
விட்டது இல்லை.
மென்பொருளுக்கு என்ன தெரியும்,
விடும்வரை பிடித்திருப்பதாய் எண்ணி
அந்த ஒற்றைச் சட்டத்தை
மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்ற பிறகும்
திரையின் ஓரம்வரை இழுத்து வரைந்திருக்கிறது.

விரலை எடுக்குமுன் வயரை எடுத்திருக்கலாம்.
கரண்ட் போயிருக்கலாம்.
கீழே யாரோ கூப்பிட்டிருக்கலாம்.
பட்டியலில் இருந்தது சோ வின் என்ற பேர்.
கோப்போடு ஒரு வரி அனுப்பியிருந்தான்:
"அக்கா, ஏழோட முடிவை நீங்க பாத்துக்கங்க."
மியாவதி ரோட்டில் வண்டி ஏறினானாம்,
அவன் தம்பி சொன்னான்.
அப்புறம் நான் கேட்ட நாலு கேள்விக்கும்
ஒற்றை டிக்.

விடுதலுக்கென்று தனி ஆணை உண்டு.
அது இல்லையென்றாலும் வழி உண்டு:
அதே கட்டையை இன்னொருமுறை
பூஜ்ய வேகத்தில் அடித்தால்
விட்டதாக அர்த்தம்.
தொடுவதுபோலவே எழுதி
தொடாமல் விடுவது.
இந்த நெறிமுறையை யார் எழுதினார்களோ,
வீட்டில் சண்டைபோட்டவர்களாய் இருப்பார்கள்.

சுட்டியைக் கொண்டுபோனேன்.
நான்கு தட்டுப் போதும் அந்தச் சுரத்துக்கு.
ஐந்து என்றால் அழகு.
ஆறு என்றால் அத்தை மூச்சு வாங்குவார்.
எந்த டிக்கில் அவன் விரலை எடுக்க வேண்டும் என்று
நான் எப்படிச் சொல்வது?

ஒன்று செய்தேன்.
சுரத்தைத் தொடவில்லை.
ஏழாம் எண் கட்டுப்பாட்டைத் திறந்து
ஒலியளவை நூறிலிருந்து பூஜ்யத்துக்கு
இரண்டு ஆவர்த்தனத்தில் சாய்வாக இறக்கினேன்.
காதுக்குப் பாட்டு முடிந்துவிட்டது.
திரையில் பச்சைச் சட்டம் அப்படியே போகிறது.
இறக்கிய கணக்கில் அது அறுபத்துநான்கு.
அவன் விரல் இருப்பது அறுபத்தேழில்.

சேமித்தேன். இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போனது.
எதிர்மாடி ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது,
அதற்கும் விடும் ஆணை வரவில்லை.

மறுநாள் பாய் ஹெட்ஃபோனைக் கழற்றி,
"ஏழாவதுல கடைசி எட்டு விநாடி
ஒண்ணுமே இல்லையே, ஏம்மா?"

"இன்னும் முடியல பாய்."

இரண்டு கோப்பைத் தேநீருக்குச் சொல்லிவிட்டு
கால்குலேட்டரை எடுத்தார்:
"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம்
காசு தர முடியாது."