இரண்டு புள்ளி

ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம்.
பதினேழாம் பக்கத்தில்தான் கதையே இருந்தது:
முகப்புக் காட்சியில்
எவர் நாயகனும் எவர் நாயகனிடமும்
தோற்கக் கூடாது.

ஒசாகாவில் நாங்கள். டோக்கியோவில் அவர்கள்.
பத்து வருடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு
திடீரென்று சம்பந்தம் பேச உட்கார்ந்த மாதிரி.
தேநீர் ஆறியது.
முதல் கோப்பையை யாரும் எடுக்கவில்லை.

நான் இகுனோ. என் வேலை பெட்டி வரைவது.
நீங்கள் பார்ப்பது உடம்பு, துணி, தீப்பொறி.
அதன் மேல் யார் கண்ணுக்கும் படாத பெட்டிகள்:
சிவப்பு அடிக்கும், நீலம் அடி வாங்கும்.
சிவப்பு நீலத்தைத் தொட்டால் வலி.
தொடாவிட்டால்
எத்தனை அழகாய் உதைத்தாலும் காற்று.
ஒரு நொடியை அறுபதாய் நறுக்கி
துண்டுக்குத் துண்டு பெட்டி.
மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.
கணக்குப் போட்டுப் பாருங்கள்,
நான் போட்டதில்லை, பயம்.

எங்கள் தீயணைப்புக்காரன் கென்ரோகு
நூற்றுப் பன்னிரண்டு புள்ளி உயரம்.
அவர்களுடைய ஹகுயோ, வெள்ளாடைத் துறவி,
நூற்றுப் பத்து.
அருகருகே நிறுத்தியதும் தொலைநகல் வந்தது:
'எங்கள் பிள்ளை கைகட்டி நிற்பது போல் இருக்கிறது.'

ஓவியர் நிஷிகோரி விடிய விடிய உட்கார்ந்து
துறவியின் மரச்செருப்புக்கு
இரண்டு புள்ளி பல் வளர்த்தார்.
தலை சமமானது. டோக்கியோ சிரித்தது.

பல் வளர்ந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை
என்று பிறகு கூட்டத்தில் சொன்னேன்.
சொல்லியிருந்தார்.
அதிகாலை நாலு மணி,
மேசைக்கடியில் அட்டை விரித்துப் படுத்திருந்த நான்
'ம்' என்றேன்.

படம் ஏற, நீலப் பெட்டியும் கூடவே ஏறியது.
செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சந்து.
குனிந்து உதைத்தால்
உதை அதற்குள் புகுந்து
மறுபக்கம் போய்விடும், துறவிக்குத் தெரியாமலே.

நம்பாவில் முதல் நாள் வரிசை
ரயில் நிலையப் படிக்கட்டு வரை.
மூன்றாம் நாள், பள்ளிச் சீருடையில் ஒருத்தி,
இயந்திரத்தோடு சங்கிலியில் தொங்கிய நோட்டில்
ஒரே வரி எழுதிவிட்டுப் போனாள்:
'செருப்பை உதைக்க முடியாது.'
அந்த வாரமே நாற்பத்தொரு பேருக்கும் வேலை போனது.
எல்லாத் திரையிலும்
துறவியும் துறவியும்.

பந்தல் பெரிது, பந்தியில் உப்பில்லை
என்கிற பொருளில்
ஒரு பத்திரிகை நாலு பத்தி எழுதியது. பத்துக்கு ஆறு.
'சம்பளம் எங்கே வாங்குகிறாய்?' என்று
கேட்டார் இயக்குநர் ஒகிட்சு.
டோக்கியோவிலிருந்து வந்ததோ
'தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.'
அதை யாருக்கும் காட்டாமல் மடித்து வைத்தேன்.

நவம்பரில் திருத்திய சில்லு அனுப்பினோம்.
கடைக்காரர்கள் பாதிப் பேர் பெட்டியைப் பிரிக்காமல்
திருப்பி அனுப்பிவிட்டார்கள்:
பழையதுதான் காசு பார்க்கிறதாம்.

ஒன்பது வருடம்.
நிஷிகோரி இப்போது பல் மருத்துவமனைகளுக்கு
விளம்பரப் படம் வரைகிறார். நம்ப மாட்டீர்கள்.

பெருவிலிருந்து, கயாவோ துறைமுகத்திலிருந்து
ஒரு உறை. எடில்பெர்தோ என்று ஒரு கடைக்காரர்.
அவரிடம் இருப்பது எங்கள் பலகை அல்ல, கள்ளப் பலகை,
தலைப்பிலேயே ஓர் எழுத்துப் பிழை.
கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தார்:
'இங்கே துறவியை எடுக்கிறவன்
காலணியைக் கழற்ற வேண்டும்.
வெறுங்காலோடு நின்றுதான் ஆடவேண்டும்.
ஜூலையில் எங்கள் சிமெண்டுத் தரை
ஐஸ்கட்டி மாதிரி.
அப்படித்தான் சமம் செய்துகொண்டோம்.
நீங்கள் யோசித்து வைத்தது இதுதானே?'

கூடவே ஒரு புகைப்படம்.
இயந்திரத்தின் காலடியில் காலணிக் குவியல்,
மீன்செதில் ஒட்டிய ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி,
ஒரு சின்னப் பையனின் ஒற்றைச் செருப்பு.

உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு
ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன்,
எங்கள் கென்ரோகுவை எடுக்க ஒருவனுமா இல்லை என்று.

வலப்பக்கம் ஒருவன்
காலணியோடு நின்றிருந்தான்.
வாயைக் கடித்திருந்தான்.
கை மட்டும் படத்தில் கலங்கியிருந்தது,
குனிந்து
உதைத்துக்கொண்டே இருந்தான் போல.